பஞ்சம்மாள் கேட்ட லைட் பீர்

பஞ்சம்மாள் முதன்முதலாகத் தானே ஒயின்ஷாப்புக்கு நடந்து போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில். ஆசை தாங்காமல் போய்விட்டாள் என்று ஊருக்குள் பேசிக்கொண்டார்கள். அவள் போனது ஆத்திரம் தாங்காமல்.

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பாக்கிங் செக்சனில் வேலை அவளுக்கு. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கம்பெனி வேன் ஊர் முக்கில் வந்து நிற்கும்போது தூக்குவாளியோடு முன்னால் நிற்பது அவள்தான். புருசன் கோட்டைச்சாமி சிவகாசியில் லாரி செட்டில் லோடு ஏற்றுகிறான். மகன் விக்னேஷ்வரன் காலண்டர் போடுகிற பிரஸ் ஒன்றில் கட்டிங் மிஷின் ஓட்டுகிறான்.

பீர் அவளுக்குப் பழக்கமானது வியாதியால். கம்பெனியில் பொம்பளையாட்களுக்கென்று இருந்த கக்கூஸ் மூக்கைப் பொத்தினாலும் நுழைய முடியாத இடம். அதற்குப் பயந்து பெண்கள் பகல் முழுக்கத் தண்ணீரே குடிப்பதில்லை. சீசன் நெருக்கத்தில் ஒருநாள் பஞ்சம்மாளுக்கு விலாவில் கத்தியை விட்டுக் குடைகிற மாதிரி வலி வந்து, அட்டைப்பெட்டிகளுக்கு நடுவிலேயே சுருண்டுவிட்டாள். கல்லடைப்பு என்றார்கள். டாக்டரம்மா மாத்திரை கொடுத்து, குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். பீர் குடித்தால் கல் கரையும் என்று தெருவில் ஆளாளுக்குச் சொன்னதைக் கேட்டுவந்து சொன்னபோது, “கட்டுக்கதைய நம்பிக்கிட்டுத் திரியாதீங்க” என்று திட்டியும் அனுப்பினார். ஆனால் கோட்டைச்சாமி அதற்குள் ஒரு பாட்டிலை வாங்கிவந்து ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தான்.

மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் விழுங்கினாள் பஞ்சம்மாள். இரண்டாவது வாய்க்கு மூக்கை விட்டுவிட்டாள். சின்ன வயதிலிருந்தே கசப்பென்றால் அவளுக்கு உயிர். பாகற்காயை வெல்லம் போடாமல் வதக்குவாள், சுண்டவத்தலை வெறும் வாயில் மெல்லுவாள். இது ஜில்லென்று, நுரையோடு, நாக்கின் அடியில் போய் உட்காருகிற வேறொரு கசப்பு. கல் தண்ணீரில் போனதோ மாத்திரையில் போனதோ, போய்விட்டது. ருசி போகவில்லை.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு பாட்டில். தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்து, அடுப்பில் கறிக்குழம்பைக் கொதிக்கவிட்டு, எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, சாத்தூர் காராச்சேவை ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டு அடுப்படியில் காலை நீட்டி உட்காருவாள். வாரத்தில் அவள் காலை நீட்டி உட்காருவது அந்த நேரம் மட்டும்தான். ஆடுவதில்லை, பாடுவதில்லை, யாரையும் வைவதில்லை. குழம்பு இறக்கும்போது டம்ளர் கழுவி ஆணியில் தொங்கும்.

ருசி என்று வந்துவிட்டால் அவளுக்கு அதில் ஒரு கண்டிப்பு உண்டு. புருசன் குடிக்கிற பிராந்தியை ஒருமுறை நக்கிப் பார்த்தாள். இருமல் டானிக்கில் மண்ணெண்ணெய் ஊற்றியது போலிருந்தது. ரம், அடிப்பிடித்த வெல்லப்பாகு. பீரிலும் ஸ்ட்ராங் என்று ஒன்று வருகிறதே, அது தலையைத்தான் பிடிக்கிறது, நாக்குக்கு ஒன்றும் தருவதில்லை. அவளுக்கு வேண்டியது பச்சை லேபிள் ஒட்டிய லைட் பீர். அதுவும் கூலிங்காக.

கோட்டைச்சாமிக்கு இதெல்லாம் புரிந்ததே இல்லை. பாட்டிலுக்குள் எது இருந்தாலும் அண்ணாந்து ஊற்றிக்கொள்கிற ஆள் அவன். அந்த வருசம் கோடை பிறந்ததிலிருந்து வாராவாரம் ஸ்ட்ராங் பீரையே கொண்டுவந்தான், அதுவும் வெந்நீர் மாதிரிச் சூட்டில்.

“பச்ச லேபிளு இல்லியாம்டி.”

“கேட்டீகளா?”

“கேட்டேன் கேட்டேன். எல்லாம் ஒண்ணுதேன். போதைதானே வேணும்?”

“எனக்கு எதுக்குப் போதை? கொழம்பு கொதிக்கையில போதைய வச்சு நான் என்ன செய்ய?”

“பெரிய ருசி கண்டுட்டா” என்று சொல்லிச் சிரித்தபடி அவன் தன் குவார்ட்டரைத் திறந்தான். அந்தச் சிரிப்புதான் பஞ்சம்மாளைக் கிளப்பியது. உப்பு ஒரு கல் குறைந்தால் தட்டைத் தள்ளிவிடுகிற மனுசன், அவள் நாக்கைக் கண்டு சிரிக்கிறான். சேலையை உதறிக் கட்டிக்கொண்டு, கூடையை எடுத்தாள்.

கடை ஊருக்கு வெளியே, கருவேலங்காட்டை ஒட்டி இருந்தது. கம்பி வலைக்கு முன்னால் ஆண்கள் வரிசை. அவள் வந்து கடைசியில் நின்றதும் பேச்சு அடங்கியது. முன்னால் நின்ற ஒருவன், “நீங்க போங்கக்கா” என்று ஒதுங்கினான். “வரிசையிலயே வாறேன், நில்லும்” என்றாள்.

அவள் முறை வந்தபோது கடைக்காரர் தலையை நிமிர்த்தவே இல்லை. “வீட்டுக்காரருக்கா? என்ன சரக்கு?”

“எனக்குத்தேன். பச்ச லேபிளு லைட்டு பீரு ஒண்ணு. கூலிங்கா.”

இப்போது நிமிர்ந்தார். பின்னால் யாரோ விசிலடித்தான். கடைக்காரர் ஒரு ஸ்ட்ராங் பீரை எடுத்துக் கம்பிக்குள்ளிருந்து நீட்டினார். “இதான் இருக்கு. எல்லாம் ஒண்ணுதாம்மா.”

“ஒண்ணுதேன்னா எதுக்குய்யா ரெண்டு லேபிளு அடிச்சு ஒட்டுறான்? எம் மகன் பிரஸ்லதேன் இருக்கான், ஒரு லேபிளு அடிக்க என்ன பாடுன்னு எனக்குத் தெரியும். அந்தா, ஒங்க முதுகுக்குப் பின்னாடி பச்சப் பச்சயாத் தெரியுதே பொட்டி, அது என்ன?”

“அது பிரிக்கலம்மா.”

“பிரிங்க. நான் நிக்கேன்.”

வரிசையில் முனகல் எழுந்தது. நேரமாகுது என்றார்கள், பொம்பளைக்கு இம்புட்டு வாயா என்றார்கள். பஞ்சம்மாள் நகரவில்லை. கடைக்காரர் பிளேடைத் தேடி எடுத்துப் பெட்டியைக் கிழித்தார். பச்சை லேபிள் பாட்டில் ஒன்று வந்தது. கூலிங் இல்லைதான், ஐஸ் வாங்கிக்கொள்ளலாம். கூடையில் வைத்துத் துண்டால் மூடாமல், அப்படியே எடுத்துக்கொண்டு வீடு வந்தாள். நல்ல வெயில். ஆனால் அன்றைக்குக் குடித்த பீர் போல வேறெப்போதும் ருசித்ததில்லை என்று பின்னால் சொல்வாள்.

மறுநாள் வேனில் ஏறியதும் பேச்சு நின்றது. பக்கத்து சீட் பத்திரகாளிதான் கையைப் பிடித்து மெதுவாகச் சொன்னாள். “மதினி, ஒங்கள எவனோ படம் பிடிச்சு விட்டிருக்கான். எல்லாருக்கும் வந்திருச்சு.”

செல்லை வாங்கிப் பார்த்தாள் பஞ்சம்மாள். கடை வாசலில் அவள் கை நீட்டிப் பேசுவது தெளிவாகத் தெரிந்தது. கீழே ‘தாய்க்குலத்தின் தாகம்’ என்று எழுத்து. அதைவிட அவளை உலுக்கியது வேறொன்று. வரிசையில் நின்ற அத்தனை ஆண்களின் முகத்திலும் வட்டமான மஞ்சள் பொம்மை ஒட்டி மறைத்திருந்தான் படம் பிடித்தவன். அவர்களுக்கு மானம் இருக்கிறதாம். மறைக்காமல் விட்ட முகம் அவளுடையது ஒன்றுதான்.

“ஏன் பத்திரகாளி, நான் மட்டும் என்ன களவாங்கவா போனேன்? அவனுக நின்ன அதே வரிசையிலதான நின்னேன்?”

பத்திரகாளி செல்லை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். கம்பெனி வாசலில் செல்போன்களை வாங்கி வைக்கிற இடத்தில் போர்மேன் காத்திருந்தார். வெடிமருந்து புழங்குற இடம், குடித்துவிட்டு உள்ளே வரக்கூடாது என்று பொதுவாகச் சொல்வது போல அவளைப் பார்த்துச் சொன்னார்.

“கிட்டக்க வந்து மோந்து பாருங்க” என்றாள் பஞ்சம்மாள். “பாத்திட்டு, அந்தா லோடு ஏத்துற ஆளுகளையும் ஒவ்வொருத்தரா மோந்து பாருங்க. யாரு வெளிய நிக்கணுமோ அவுக நிக்கட்டும்.” போர்மேன் கேட்டைத் திறக்கச் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

படம் எடுத்தவன் பக்கத்துத் தெருப் பையன் என்று தெரிந்து அவன் வீட்டுக்கும் போனாள். அவன் தாய்க்காரி வாசலில் நின்றபடி, “நீங்க எதுக்கு அங்கன போனீக?” என்று திருப்பிக் கேட்டாள். “ஒங்க மகன் எதுக்கு அங்கன போனான்?” என்று கேட்டதற்குக் கதவுதான் பதில் சொன்னது.

இதோடு முடிந்திருந்தால் நாலு நாள் பேச்சு. ஆனால் விக்னேஷுக்கு அப்போதுதான் பெண் பேசி, பூவும் வைத்திருந்தார்கள். பெண் ஸ்ரீமதி, சாத்தூருக்குப் பக்கத்து ஊர். சிவகாசியில் டைரி கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டரில் பில் போடுகிறாள். வேலைக்கு வந்துபோகிற பஸ்ஸில் பார்த்து இரண்டு பேருக்கும் பிடித்துப்போய், பெரியவர்கள் சம்மதித்த சம்பந்தம். அவளுடைய அப்பா ஆண்டிச்சாமியின் செல்லுக்கும் அந்தப் படம் போய்விட்டது.

அடுத்த ஞாயிறே ஆண்டிச்சாமி வந்தார். சம்பந்தம் பேசி முடித்த மாரிசாமியையும் இன்னும் இரண்டு பங்காளிகளையும் கூட்டிவந்திருந்தார். கூடத்தில் பாய் விரித்தார்கள். பஞ்சம்மாள் காப்பி கொண்டுபோய்க் குனிந்து நீட்டியபோது, ஆண்டிச்சாமியின் வாயிலிருந்து பாக்கு வாசத்தையும் மீறிப் பிராந்தி வாசம் வந்தது. மணி பதினொன்றுகூட ஆகவில்லை. காப்பித் தம்ளரை அவர் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தாள்.

“மொகத்துல முழிக்க முடியல” என்று ஆரம்பித்தார் ஆண்டிச்சாமி. “சொந்தக்காரன் பூராம் போன் பண்ணுதான். ஒம் மகளுக்கு மாமியா நல்லா ஊத்திக் குடுப்பாளாமேன்னு கேக்கான்.”

கோட்டைச்சாமி பாயின் ஓரத்தில் ஒரு கோரையை உருவிக்கொண்டிருந்தான். வாராவாரம் வாங்கிவந்து கொடுத்தது அவன்தான். அதை இப்போது அவன் சொல்வான் என்று பஞ்சம்மாள் பார்த்தாள். கோரை நீளமாக உருவிக்கொண்டு வந்தது. விக்னேஷ் கதவோரம் நின்று கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மாரிசாமி நல்ல மனுசர், சம்பந்தம் முறிவதை விரும்பாதவர். தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு வழி சொன்னார். “இங்க பாருங்க ஆண்டிச்சாமி, தங்கச்சிக்குக் கல்லடைப்பு வந்து ஆஸ்பத்திரில கெடந்தது ஊருக்கே தெரியும். மருந்துக்குன்னு குடிக்கிறதுல தப்பு என்ன இருக்கு? ஏம்மா, மருந்துக்குத்தானே குடிச்சே? அத ஒரு வார்த்த சொல்லிரு. இனிமே தொட மாட்டேன்னு இருக்கன்குடி மாரியம்மா மேல சத்தியத்தப் பண்ணிரு. முடிஞ்சது.”

எல்லோருடைய முகமும் தெளிந்தது. ஆண்டிச்சாமிகூடத் தலையை ஆட்டினார். விக்னேஷ் முதல்தடவையாக நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான், சொல்லிவிடேன் என்று கெஞ்சுகிற பார்வை.

பஞ்சம்மாளுக்கு உள்ளங்கால் முதல் உச்சி வரை பற்றி எரிந்தது. இத்தனை நேரம் குடிகாரி என்று பேசியதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருந்தாள். இந்தச் சலுகையைப் பொறுக்க முடியவில்லை. நோய் வந்தால் குடிக்கலாம். புருசன் செத்த துக்கத்தில் குடித்தால் பாவம் என்று விட்டுவிடுவார்கள். பிடித்திருக்கிறது என்று குடிக்க மட்டும் பெண்ணுக்கு வாய் கிடையாது.

“கல்லு போயி வருசமாச்சுண்ணே” என்றாள். “டாக்டரம்மா அப்பவே சொல்லிட்டாக, அதுக்கும் இதுக்கும் சம்மந்தமில்லன்னு. நான் ருசிக்குத்தேன் குடிக்கேன். எனக்குப் பிடிச்சிருக்கு.”

“ஏம்மா…” என்று மாரிசாமி கையை உயர்த்தினார்.

“இருங்கண்ணே. கருவாடு பிடிக்கும், பாவக்கா பிடிக்கும், பச்ச லேபிளு பீரு பிடிக்கும். இத மருந்துன்னு நான் எதுக்குப் பொய் சொல்லணும்? மாரியம்மா மேல சத்தியத்த வேற பண்ணிட்டு, அடுத்த வாரம் ஒளிஞ்சு குடிக்கவா? இங்கன ஒக்காந்திருக்க ஆம்பளைகள்ல யாரு மருந்துக்குக் குடிக்கீக? காலைலயே வாசம் வருதே, அது எந்த நோவுக்கு?”

ஆண்டிச்சாமி எழுந்துவிட்டார். காப்பித் தம்ளர் உருண்டு பாய் நனைந்தது. “குடிகாரி வீட்டுல எம் பொண்ணு வாழ மாட்டா” என்று சொல்லி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். மற்றவர்களும் பின்னால் போனார்கள்.

விக்னேஷ் அன்றைக்குச் சாப்பிடவில்லை. “ஒரு வார்த்த. ஒத்த வார்த்த சொல்லிருந்தா முடிஞ்சிருக்கும். என் வாழ்க்கையவிட ஒனக்குப் பீரு பெருசாப் போச்சு” என்று கத்திவிட்டு பைக்கை உதைத்துக் கிளம்பினான்.

அந்த வார்த்தை அவளைத் தைத்தது. அழுதாள். அழுகிற மூச்சிலேயே கோட்டைச்சாமியிடம் திரும்பினாள். “வாங்கிக் குடுத்தது நாந்தேன்னு ஒரு சொல்லு வந்துச்சா? ஊத்திக்கிட மட்டும் தெறக்குது ஒங்க வாயி.” அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு வைத்தாள். பேசவில்லை.

நாலைந்து நாள் கழித்து, வேலை முடிந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்த சாயங்காலத்தில் போன் வந்தது.

“அத்த, நான் ஸ்ரீமதி பேசுறேன். ஒரே ஒரு விசயம் கேக்கணும். கேட்டா மறைக்க மாட்டீகன்னு மாரிசாமி மாமா சொன்னாக.”

“கேளு தாயி.”

“ஒங்க மகன் குடிப்பாரா?”

பஞ்சம்மாள் ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். எந்தத் தாயும் தயங்குகிற இடம் அது. “அவன் ஒங்கிட்ட என்ன சொன்னான்?”

“வாசமே ஆகாதுன்னாரு. பிரண்டு குடிச்சாக்கூட எந்திரிச்சுப் போயிருவாராம்.”

“குடிப்பான்மா. சம்பளம் வாங்குன அன்னைக்கு, கூட்டாளிகளோட. நெதானம் தப்ப மாட்டான், கைய நீட்ட மாட்டான். ஆனா குடிப்பான். ஆகவே ஆகாதுங்கிறது பொய்.”

“எங்கப்பா குடிச்சிட்டு வந்து எங்கம்மாவ என்ன பாடு படுத்துவாருன்னு எனக்குத்தான் தெரியும்” என்றாள் ஸ்ரீமதி. “அதனாலதான் கேட்டேன். சரி அத்த, வச்சிருதேன்.”

மறுநாள் ஸ்ரீமதி போனில் கேட்ட சூட்டோடு விக்னேஷ் வந்து போட்ட சத்தத்தில் தெருவே கூடியது. உள்ளதும் கெட்டது, பெற்ற தாயே காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று குதித்தான். “நெசத்தத்தான சொன்னேன்” என்றாள் பஞ்சம்மாள், அரிசி களைந்தபடியே. “நீ முந்தியே சொல்லிருந்தா அவ எங்கிட்டக் கேட்டிருக்க மாட்டா.”

ஸ்ரீமதி அவனை விட்டுவிடவில்லை. டைரி கம்பெனிக்கு எதிரில் உள்ள டீக்கடையில் நிறுத்தி வைத்து, பொய் சொன்னதை அவன் வாயாலேயே சொல்ல வைத்தாள். பிறகு தன் அப்பாவிடம் போய், கட்டினால் அந்த வீட்டில்தான் கட்டுவேன், ஒளிக்காமல் பேசுகிற ஒரு மனுசி அங்கே இருக்கிறாள், எனக்கு அது போதும் என்றாள். அவளுடைய அம்மா அதுவரை கல்யாணப் பேச்சில் வாயே திறக்காதவள். அவளும் மகள் பக்கம் வந்து நின்றுகொண்டாள். ஆண்டிச்சாமி கத்திப் பார்த்தார், சாப்பிடாமல் இருந்து பார்த்தார், கடைசியில் மாரிசாமியிடம் ஒரு கண்டிசன் சொல்லியனுப்பினார். கல்யாணம் நடக்கட்டும். ஆனால் மாப்பிள்ளையின் தாய் மணவறைப் பக்கம் வந்து நிற்கக் கூடாது, சொந்தபந்தம் சிரிக்கும், முறைக்கு மாரிசாமியின் சம்சாரம் நிற்கட்டும்.

மாரிசாமி இதைச் சொல்லி முடிப்பதற்குள் பஞ்சம்மாள் எழுந்துவிட்டாள். ஆனால் அவளுக்கு முன்னால் கோட்டைச்சாமியின் குரல் வந்தது.

“அந்த ஆளுகிட்டப் போயி சொல்லுங்க. அவளுக்கு வாராவாரம் பீரு வாங்கிக் குடுத்தது நான். அவ நிக்கக் கூடாதுன்னா நானும் நிக்க முடியாது. பெத்தவுக ரெண்டு பேரும் இல்லாம அவரு மட்டும் நின்னு நடத்திக்கிடட்டும்.”

காலையிலிருந்து அவன் எதையும் குடித்திருக்கவில்லை. பஞ்சம்மாள் அவனைப் பார்த்தாள். மனம் குளிர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. “இத அன்னைக்கே அந்தப் பாயில ஒக்காந்து சொல்லிருக்கணும்” என்றுதான் சொன்னாள். ஆனால் அன்றிலிருந்து அவனோடு பேச ஆரம்பித்தாள்.

தை மாதம் சாத்தூரில் கல்யாணம் நடந்தது. அரக்குப் பட்டுச் சேலை கட்டி, மணவறையில் மகனுக்குப் பக்கத்தில்தான் நின்றாள் பஞ்சம்மாள். சிலர் கையால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அவர்களை ஒவ்வொருவராக நேராகப் பார்த்தாள். சிரித்தவர்களே கண்ணைத் திருப்பிக்கொண்டார்கள். ஆண்டிச்சாமி சந்தனத்தை அவளுக்கு எதிரே கீழே வைத்துவிட்டுப் போனார், கையில் கொடுக்கவில்லை. இன்றைக்கு வரை அவர் அவளோடு நேரடியாகப் பேசியதில்லை. வீட்டுக்கு வந்தால், “ஒங்க மாமியாட்டச் சொல்லு” என்று மகள் வழியாகத்தான் பேசுவார்.

ஸ்ரீமதிக்கு அந்த வாசம் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடுப்படிக்கு வரமாட்டாள், முற்றத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டு அங்கிருந்தே அத்தையோடு பேசுவாள். அதில் பஞ்சம்மாளுக்கு வருத்தமில்லை. அவளுக்கு வயிறு எரிவதெல்லாம் விக்னேஷைப் பார்த்துத்தான். சம்பளத்தன்று அவன் இன்னமும் புழக்கடை வழியாகத்தான் வருகிறான். பாக்கை மென்று, வாயைக் கொப்பளித்து, பெண்டாட்டி தூங்கிவிட்டாளா என்று எட்டிப் பார்த்துக்கொண்டு.

“முன்வாசல் வழியா வாலே” என்று உள்ளிருந்து சத்தம் போடுவாள் பஞ்சம்மாள். “குடிச்சதக்கூட மன்னிச்சிருவா. நடிக்காத.”